அது ராஜநாகம் இல்லை: காட்டுயிர் காணொளிகளுக்குத் தமிழில் குரல் கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன வாரம் ஒரு காணொளி பார்த்தேன். கலிபோர்னியாவின் வறண்ட புதர்க்காடு. ஒரு மீட்டர்கூட இருக்காத பாம்பு, கறுப்பு உடம்பில் பால்வெள்ளைப் பட்டைகள், கழுத்து எங்கே முடிகிறது தலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒல்லித் தலை. கல்லிடுக்கு ஒவ்வொன்றிலும் மூக்கை நுழைத்துப் பார்த்துக்கொண்டே போகிறது. பின்னணியில் உங்கள் கனத்த குரல்: "கொடிய விஷம் கொண்ட ராஜநாகம் வேட்டைக்குப் புறப்பட்டுவிட்டது!"

ராஜநாகமா? அந்தப் பட்டைப் பாம்பு படமே எடுக்காது. விஷமும் கிடையாது. நீங்கள் காட்டியது கிங் ஸ்னேக், ராஜநாகம் என்பது கிங் கோப்ரா. ஒன்று வட அமெரிக்காவில் புதரில் திரிவது, மற்றது ஆசியக் காடுகளில் மூன்று நான்கு மீட்டர் வளர்வது. இரண்டும் மற்ற பாம்புகளைத் தின்னும், அதனால்தான் இரண்டு பெயரிலும் 'கிங்'. ஒற்றுமை அவ்வளவுதான்.

சரி, பெயரைத் திருத்திவிட்டு "கறுப்பில் வெள்ளைப் பட்டை, பயப்பட வேண்டாம்" என்று முடித்துவிடாதீர்கள், அது இன்னும் மோசம். கட்டுவிரியனும் கறுப்பில் வெள்ளைப் பட்டைதான், உங்கள் காணொளியைப் பார்த்த ஒரு பையன் அதைக் கையில் தூக்கினால் என்ன ஆகும்? அமெரிக்காவிலேயே இந்தக் குழப்பம் உண்டு. அங்கே தென்கிழக்கில் இருக்கும் ஸ்கார்லெட் கிங் ஸ்னேக், சிவப்பு கறுப்பு மஞ்சள் வளையங்களோடு விஷமுள்ள பவளப்பாம்பை அச்சாக ஒத்திருக்கும். பவளப்பாம்பில் சிவப்பும் மஞ்சளும் ஒட்டியிருக்கும், மூக்கு கறுப்பு. கிங் ஸ்னேக்கில் சிவப்பும் கறுப்பும் ஒட்டியிருக்கும், மூக்கு சிவப்பு. அந்த ஊர்ப் பாம்புகளுக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு இது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

எனக்கு உண்மையில் ஆதங்கம் வேறு. இல்லாத விஷத்தைப் பேசிப் பேசி, இருக்கிற அதிசயத்தை விட்டுவிடுகிறீர்கள். வாலை ஆட்டிக் கிலுகிலுப்பை போலச் சத்தம் எழுப்பும் விஷப்பாம்பான கிலுகிலுப்பை விரியனையே (ராட்டில் ஸ்னேக்) கிங் ஸ்னேக் பிடித்துத் தின்னும், அந்த விரியன்களின் விஷத்தைத் தாங்கும் சக்தி அதன் இரத்தத்தில் இருக்கிறது. விரியனுக்கும் இது தெரியும் போல! மற்ற எதிரிகளிடம் சுருண்டு நின்று கொத்தப் பார்க்கும் விரியன், கிங் ஸ்னேக்கின் வாடை பட்டதும் தலையைத் தரையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, நடு உடம்பை வில்லாக வளைத்துத் தூக்கி அதனாலேயே அடிக்கும். பெரும்பாலும் அது பலிப்பதில்லை.

அப்புறம் அந்த இறுக்கல். 2017இல் வெளியான ஒரு ஆய்வில், அமெரிக்க எலிப்பாம்புகளையும் கிங் ஸ்னேக்குகளையும் ஒப்பிட்டார்கள். தசையில் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் கிங் ஸ்னேக்கின் பிடி அதிகம். காரணம் சுற்றும் விதம்: எலிப்பாம்பு தாறுமாறாகச் சுற்றுகிறது, இது ஸ்பிரிங் மாதிரி சுருள் மேல் சுருளாக ஒழுங்காகப் போடுகிறது. தன்னைவிட நீளமான பாம்பைக்கூட விழுங்கிவிடும், எப்படித் தெரியுமா? உள்ளே போகப் போக இரையின் முதுகெலும்பை அலை அலையாக மடித்துத் திணித்துக்கொள்கிறது. இதற்கு மேல் என்ன பின்னணி இசை வேண்டும்?

(எல்லா இடத்திலும் அது கதாநாயகனும் இல்லை. செல்லப்பிராணியாகக் கொண்டுபோய்த் தப்பவிட்ட கலிபோர்னியக் கிங் ஸ்னேக்குகள் ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனேரியா தீவில் பெருகி, அங்கு மட்டுமே வாழும் ராட்சதப் பல்லிகளை வேட்டையாடித் தீர்க்கின்றன. அதையும் ஒரு நாள் எடுங்கள்.)

எனவே, எழுதும் முன் அறிவியல் பெயரை ஒரு தடவை பாருங்கள். லாம்ப்ரோபெல்டிஸ் என்றிருந்தால் கிங் ஸ்னேக், ஓபியோபேகஸ் என்றிருந்தால் ராஜநாகம். தமிழ்ப் பெயர் உடனே கிடைக்காவிட்டால் கிங் ஸ்னேக் என்றே சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

போன வாரக் காணொளியின் கீழே ஒரு வரித் திருத்தம் போட்டுவிடுங்கள். கடைசியில் கேமராக்காரர் நெருங்கியதும் அது வாலைச் சருகில் படபடவென்று அடித்து, கிலுகிலுப்பை விரியன் மாதிரியே மிரட்டுகிறதே, அந்த இடத்தில் மேளத்தைக் குறைத்து வைத்தால் அந்தச் சத்தத்தை நாங்களும் கேட்போம்.