கோத்தகிரிக்கு ஒரு கடிதம்: டாவி வால்வு பற்றி

குன்னூர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதமும் பெரியவரின் எக்கோ அறிக்கையும் கிடைத்தன. இங்கே மழை விட்டபாடில்லை. வீட்டில் எல்லோரும் நலம்.

டாவிதான், அதாவது மார்பைத் திறக்காமல் பெரும்பாலும் தொடைத் தமனி வழியாகக் குழாய் விட்டு இதயத்தின் பெருந்தமனி வால்வை மாற்றுவதுதான், என்று முடிவாகிவிட்டது, எந்தக் கம்பெனி வால்வு என்பதில்தான் குழப்பம் என்கிறாய். முதலில் சிடியைப் பார். தொடைத் தமனி 5.5 மி.மீ. இருந்தால் வால்வைக் கொண்டுசெல்லும் 14 பிரெஞ்சு (குழாய் அளவின் அலகு) உறை நுழையும். சுற்றிலும் சுண்ணாம்பு படிந்து வளைந்து கிடந்தால் அந்த அளவும் போதாது. தமனி கிழிவது அங்கேதான். 2016இல் வந்த பார்ட்னர் 2 ஆய்வில், தொடை வழியாக வால்வு வைத்தவர்கள்தான் அறுவை செய்துகொண்டவர்களைவிடச் சற்று மேலாக இருந்தார்கள். மார்பு வழியாக வைத்தவர்களிடம் அந்த ஆதாயம் இல்லை.

அடுத்தது, வால்வு உட்காரும் வளையத்தின் பரப்பு. 430 சதுர மி.மீ.க்கு மேற்படாதவர்களிடம் பலூனால் விரியும் சேப்பியனையும் தானே விரியும் எவலூட்டையும் ஸ்மார்ட் ஆய்வு (2024) ஒப்பிட்டது. ஓராண்டில் வால்வுச் செயல்குறை சேப்பியனில் 41.6%, எவலூட்டில் 9.4%. படிக்கும்போது தூக்கிவாரிப்போடும். ஆனால் மரணம், முடக்கும் பக்கவாதம், இதயச் செயலிழப்புக்காக மறுபடி சேர்ப்பு மூன்றும் சேர்ந்து 10.6%, 9.4% தான். அந்தச் செயல்குறையில் பெரும்பகுதி எக்கோவில் தெரியும், வால்வின் இரு பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு. ஓராண்டுக்குள் அது நோயாளியைத் தொடவில்லை. ஐம்பது வயதுக்காரருக்கு என்றால் நானும் கவலைப்படுவேன்.

தானே விரியும் வால்வுக்கு வேறு பாதகம் உண்டு. அறுவை அபாயம் குறைந்தவர்களிடம் நடந்த 2019இன் ஆய்வுகளில் 30 நாளில் பேஸ்மேக்கர் தேவைப்பட்டது எவலூட்டில் 17.4%, சேப்பியனில் 6.5%. இரண்டும் தனித்தனி ஆய்வுகள், நேரடியாகக் கழித்துப் பார்க்காதே. வால்வை ஆழமாக இறக்காமல் வைக்கும் முறை வந்தபின் இந்த எண்ணிக்கை குறைந்தும் வருகிறது. குஜராத்தின் வாப்பியில் மெரில் கம்பெனி செய்யும் மைவால் வால்வும் பலூன் வகைதான், 24.5, 27.5 மி.மீ. என்று இடைப்பட்ட அளவுகள் கிடைப்பது அதன் வசதி. 2024இன் லேண்ட்மார்க் ஆய்வில் 30 நாள் கணக்கில் மற்ற இரண்டும் சேர்ந்த குழுவுக்கு அது தாழ்ந்துபோகவில்லை.

பெரியவரின் ஈசிஜியில் ஏற்கெனவே வலது கிளை அடைப்பு (இதயத்தின் மின்பாதையில் ஒரு கிளைத் தடை) இருக்கிறதே, என் ஓட்டு பலூன் வகைக்குத்தான். எதை வைத்தாலும், தாமதமாக வரும் முழு மின்பாதை அடைப்பு வீட்டுக்குப் போன பிறகும் வரலாம். நடுராத்திரியில் மேட்டுப்பாளையம் வரை கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டியிருக்கும். ஆகவே சில நாள் கோவையிலேயே உறவினர் வீட்டில் தங்கட்டும், ஈசிஜி மாறவில்லை என்று பார்த்துவிட்டு மலையேறட்டும்.

பிறகு, ஸ்டென்ட்டோ ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோ (துடிப்பு ஒழுங்கு தப்பும் நோய்) இல்லையென்றால் ஆஸ்பிரின் மட்டும் போதும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான குளோபிடோக்ரெலும் சேர்த்தால் ஓராண்டில் ரத்தக்கசிவு 15.1% இலிருந்து 26.6% ஆகிறது, 2020இன் பாப்புலர் டாவி ஆய்வின் கணக்கு.

சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ன என்று நீ எழுதவில்லை. அதையும் சிடி ஸ்கேன் படங்கள் உள்ள தட்டையும் அனுப்பு. வெறும் அறிக்கைத் தாளை வைத்து வால்வின் அளவு சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
சபாபதி