லிலித்துக்கு ஒரு குதிரை

தமிழில் கௌபாய் காமிக்ஸ் வெளியிடும் பதிப்பாளர்களுக்கு வணக்கம். பெண்கள் நாயகிகளாக வரும் கௌபாய் கதைகளையும் போடச் சொல்லிக் கேட்கவே இந்தக் கடிதம்.

கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரின் மனைவி லிலித்தை நினைவிருக்கிறதா? நவஜோ பழங்குடித் தலைவரின் மகள். சாவதற்காகக் கம்பத்தில் கட்டிவைக்கப்பட்ட டெக்ஸைத் தன் கணவனாக ஏற்று உயிரோடு மீட்டவள். பதிலுக்குக் கதை அவளுக்கு என்ன கொடுத்தது? அம்மைத் தொற்றுள்ள போர்வைகளால் ஒரு சாவு. கணவர் பழிதீர்க்க ஒரு காரணம். இன்னொரு நாயகன் கேப்டன் டைகரின் கதையில் வரும் சிஹுவாஹுவா பேர்ல் எவ்வளவோ மேல். சலூனில் பாடிக்கொண்டே, தங்கத்தைத் தேடும் ஆண்கள் அத்தனை பேரையும் ஆட்டிவைப்பாள். ஆனாலும் கதை டைகருடையது. 1969இல் தொடங்கிய 'கமான்சே' இன்னும் வேடிக்கை: தொடரின் பெயர் நாயகியின் பெயர், பண்ணை அவள் பண்ணை, சாகசம் மட்டும் அவளிடம் வேலை பார்க்கும் ரெட் டஸ்டுக்கு!

டெக்ஸுக்குப் பாவாடை கட்டிவிடச் சொல்லவில்லை. நடுவில் ஒரு பெண் வந்து நின்றால் அந்த மண்ணின் ஆபத்துகளே வேறாகிவிடுகின்றன. 1862ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்ற நிலச் சட்டத்தைப் பாருங்கள். 21 வயது நிரம்பிய மணமாகாத பெண்ணோ விதவையோ 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு மனுப் போடலாம்; ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டால் பட்டா. கணவனோடு வாழ்பவளுக்குப் பொதுவாக அந்த உரிமை இல்லை. அப்படியானால், மனுப் போடுவதற்கு முந்தைய நாள் மோதிரத்தோடு வந்து நிற்கும் காதலனைவிடப் பெரிய வில்லன் யார்? இதில் ஒரு தோட்டாகூட வெடிக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட கதைகளுக்குப் பஞ்சமும் இல்லை. கெல்லி சூ டிகானிக் எழுதி எம்மா ரியோஸ் வரைந்த 'ப்ரெட்டி டெட்லி' காமிக்ஸ் 2013இல் தொடங்கியது. செத்த முயலொன்று வண்ணத்துப்பூச்சிக்குச் சொல்லும் கதை. ஜின்னி என்பவள் மரணத்தின் மகள். முதல் வாசிப்பில் தலை சுற்றும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விக்கிரமாதித்தனும் வேதாளமும் கேட்டு வளர்ந்த நமக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

எனக்கு அதைவிடவும் வேண்டியது 'மார்த்தா ஜேன் கன்னாரி'. காமிக்ஸ் கௌபாய் லக்கி லூக்கோடு வந்து நம்மைச் சிரிக்கவைத்த, நிஜத்திலும் வாழ்ந்த அதே கலாமிட்டி ஜேன்தான். பெரிசான் எழுத, ப்ளான்ஷான் வரைய, 2008 முதல் மூன்று பாகங்களாகப் பிரெஞ்சில் வந்தது. அவளுடைய வறுமையும் கூலிவேலையும் குடியும், தன்னைப் பற்றித் தானே அவிழ்த்துவிட்ட புளுகுகளும் அதில் உண்டு.

மூன்று பாகங்களையும் ஒரே குண்டு புத்தகமாகப் போடுங்கள். சந்தாவோடு சேர்த்து முன்பதிவுக்கும் பணம் எடுத்துவைத்திருக்கிறேன். ஒரே நிபந்தனை: அட்டைப்படத்தில் மார்த்தா மட்டும்தான் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருத்தி