வண்ண இலை எல்லாம் குரோட்டன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புசல்லாவையில் கண்டி வீதியோரம் சிறியதொரு பூச்செடித் தவறணை வைத்திருக்கிறேன். உங்கள் ஞாயிறு இதழ் வந்தால் வீட்டுத்தோட்டப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பேன். சென்ற வாரம் அந்தப் பக்கத்தில் வீட்டை அழகாக்கும் குரோட்டன்கள் என்று ஆறு படங்கள் போட்டிருந்தீர்கள். அந்த ஆறில் குரோட்டன் ஒன்றுதான். மற்றவை அகலிபா, கோலியஸ், கோர்டிலைன், டிரசீனா, டீஃபன்பாக்கியா. போதாததற்கு, இவை மலையகத்தில் எங்கும் வளரும், சிறு பிள்ளைகளையும் பராமரிக்க விடலாம் என்று கீழே ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

வாங்க வருகிறவர்கள் "அக்கா, அந்தச் சிவப்புக் குரோட்டன் குடுங்க" என்று எதையும் காட்டிக் கேட்பார்கள். அது பரவாயில்லை, கை காட்டும் செடியை எடுத்துக் கொடுத்துவிடுவேன். பத்திரிகையில் அச்சாகும்போது கதை வேறு. வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

நாம் குரோட்டன் என்று சொல்வதன் தாவரவியற் பெயர் கோடியேயம் வேரிகேட்டம். மொலுக்காஸ் தீவுகள் தொடங்கி பசிபிக் தீவுகள் வரை அதற்குச் சொந்த ஊர். 1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அதைக் குரோட்டன் என்ற சாதியில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டத்தில், சேர்த்தார். பின்னால் வந்தவர்கள் அதைப் பிரித்துக் கோடியேயம் என்ற சாதிக்குக் கொண்டுபோனார்கள். செடி போய்விட்டது, பழைய பெயர் சந்தையிலேயே தங்கிவிட்டது. உண்மையான குரோட்டன் சாதிச் செடிகளும் நம்மிடம் உண்டு. பேதிக்குக் கொடுக்கும் நேர்வாளம் ஒன்று. சிங்களவர்கள் கெப்பெட்டியா என்று சொல்லும் செடி இன்னொன்று. இரண்டையும் யாரும் வரவேற்பறையில் வைப்பதில்லை.

கோடியேயத்தின் இலை அகலமாக, ஒடுக்கமாக, முறுக்கிக்கொண்டு, நடுவில் நரம்பு மட்டும் எஞ்சித் துண்டு தொங்குவதுபோல என்று எத்தனையோ வடிவத்தில் வரும். பார்க்கிறவர்கள் வேறு வேறு செடி என்றுதான் நினைப்பார்கள். ஆனால் எல்லாம் ஒரே இனம்; மனிதர்கள் பொறுக்கி வளர்த்த வகைகள். இதில் இலையைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை, பூவைப் பார்க்க வேண்டும். நன்றாக வளர்ந்த குரோட்டனில் நீளமான தண்டில் வெள்ளைக் குஞ்சம்போல ஆண் பூ வரும். அதே செடியில் வேறொரு தண்டில் கவர்ச்சியே இல்லாத பெண் பூ வரும். காய் முற்றினால் மூன்று அறையாகப் பிரிந்திருக்கும். ஆமணக்கங்காயை உடைத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல, இரண்டும் ஒரே குடும்பம். மரவள்ளியும் இறப்பரும் அந்தக் குடும்பம்தான். அகலிபாவும் அதே குடும்பம், நம் வாசலில் முளைக்கும் குப்பைமேனிக்குச் சொந்தச் சாதி. ஆகவே குரோட்டனையும் அகலிபாவையும் நீங்கள் ஒன்றாகப் போட்டதில் ஒரு நியாயம் உண்டு என்றுகூடச் சொல்லலாம். மற்ற நான்கையும் சேர்த்ததற்கு ஒரு நியாயமும் இல்லை.

கோலியஸின் தண்டை விரலுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். உருளாது, நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் எதிரெதிராக இருக்கும். துளசிக் குடும்பத்தின் அடையாளம் அது. லின்னேயஸ் 1763இல் இதைத் துளசிச் சாதியிலேயே வைத்திருந்தார். அப்புறம் கோலியஸ் ஆனது, சொலனொஸ்டெமொன் ஆனது, பிளெக்ட்ராந்தஸ் ஆனது, 2019இல் மறுபடியும் கோலியஸுக்கே வந்து சேர்ந்தது. இருமலுக்குப் பிழிந்து கொடுக்கும் கற்பூரவள்ளியும் இப்போது கோலியஸ் சாதிதான். பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது, எதற்கு இதைப் படிப்பது என்று என் மகள் உயர்தரத்தில் உயிரியல் படித்த நாளில் அலுத்துக்கொள்வாள். மாறினால் என்ன, பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்தே எழுதலாம். லண்டனில் உள்ள கியூ தாவரவியற் பூங்காவின் இணையத்தளத்தில் பழைய பெயரைத் தட்டினால் புதிய பெயரைக் காட்டும். கைப்பேசி இருந்தால் போதும், காசும் கேட்க மாட்டார்கள்.

டிரசீனாவுக்கும் கோர்டிலைனுக்கும் வருகிறேன். எனக்குக் காசு நட்டம் தந்த சோடி இது. ஒரு ஹோட்டல்காரர் உள் வராந்தாவுக்குச் சிவப்பு விளிம்பு டிரசீனா கேட்டார். மொத்த வியாபாரி ஒருவரிடம் சொல்லி எடுத்தேன். வந்து இறங்கியது கோர்டிலைன். "ரெண்டும் ஒண்ணுதானே தங்கச்சி" என்றார் அவர். ஒன்றல்ல. டிரசீனா நிழலிலும் காய்ந்த காற்றிலும் பொறுமையாக நிற்கும். கோர்டிலைனுக்கு வெளிச்சமும் ஈரக் காற்றும் வேண்டும், அறைக்குள் வைத்தால் நுனி கருகிச் சிவப்பு மங்கிவிடும். அந்தச் செடிகளும் அப்படித்தான் போயின.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி வேர். பொலித்தீன் பையின் ஓரத்தைக் கொஞ்சம் கிழித்து, ஒரு வேரை எடுத்து நகத்தால் சுரண்ட வேண்டும். டிரசீனா வேர் மஞ்சளாக அல்லது செம்மஞ்சளாக இருக்கும். கோர்டிலைன் வேர் வெள்ளை. கோர்டிலைனின் அடியில் பருத்த கிழங்குபோல ஒரு தண்டு மண்ணுக்குள் இறங்கும், டிரசீனாவில் அது கிடையாது. நடும் கோர்டிலைனில் இலைக்கு நீளமான காம்பு தெளிவாகத் தெரியும், டிரசீனாவில் பெரும்பாலும் இலை நேராகத் தண்டைப் பற்றிக்கொண்டிருக்கும். இப்போதெல்லாம் வேர் பார்க்காமல் நான் காசு கொடுப்பதில்லை.

இந்த இரண்டையும் பழைய நூல்கள் லில்லிக் குடும்பத்தில் போட்டிருக்கும். கொஞ்சக் காலம் கற்றாழைபோல நார் தரும் அகேவ் குடும்பத்தில் வைத்தார்கள். டி.என்.ஏ. ஆய்வுகள் வந்த பின் 2009இல் வெளியான வகைப்பாட்டில் எல்லாவற்றையும் அஸ்பராகஸ் குடும்பத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதாவது நாம் கஞ்சி காய்ச்சும் சாத்தாவாரியின் குடும்பம். அதிர்ஷ்ட மூங்கில் என்று கண்ணாடிக் குவளையில் வைத்து விற்பதும் மூங்கில் இல்லை. அது டிரசீனா சாண்டெரியானா, மேற்கு ஆபிரிக்கப் பக்கம் கமரூனில் இருந்து வந்தது. மூங்கில் புல் குடும்பம். பேராதனைப் பூங்காவில் மகாவலி ஓரம் நிற்கும் இராட்சத மூங்கிலையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் உறவு சொல்ல மாட்டார்கள். அதிர்ஷ்டம் வருகிறதா இல்லையா என்பது வாங்குகிறவர் பாடு.

மருளும் இப்போது டிரசீனாதான். சன்செவீரியா என்று தனிச் சாதியாக இருந்ததை அண்மைய ஆண்டுகளில் டிரசீனாவோடு சேர்த்துவிட்டார்கள். நம் உலர்வலயக் காடுகளில் இயற்கையாக வளரும் மருளின் இனப்பெயரே சைலானிக்கா, இலங்கைக்குரியது என்பது அதிலேயே இருக்கிறது. நார் எடுத்துக் கயிறு திரித்த செடி. கடைகளில் விற்கும் மஞ்சள் விளிம்பு மருள் அது அல்ல, ஆபிரிக்க இனத்தின் லோரன்டீ என்ற வகை. இதில் ஒரு விஷயம் வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்த இலையை விரல் நீளத் துண்டாக வெட்டி மணலில் குத்தினால் வேர் வரும், குருத்தும் வரும். ஆனால் வரும் குருத்து முழுப் பச்சை, மஞ்சள் கோடே இருக்காது. இலையின் ஓரத்துக் கலங்களில் மட்டும் உள்ள மாற்றம் அது, துண்டிலிருந்து புதிதாகப் பிறக்கும் குருத்துக்கு வருவதில்லை. மஞ்சள் வேண்டுமென்றால் அடிக்கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும். நான் முன்பு தோட்டத்துத் தேயிலைத் தவறணையில் ஓரிலைக் கட்டை நட்டு வேலை பழகியவள். அங்கே தாய்ச் செடி எப்படியோ கட்டையும் அப்படியே. மருளிலும் அப்படியே வரும் என்று சொல்லி விற்கும் ஆட்களிடம் ஏமாந்து வந்து என்னிடம் முறையிட்டவர்கள் நிறைய.

மணிப்பிளான்டைப் பற்றிச் சுருக்கமாக. ஆங்கிலத்தில் அதற்குச் சிலோன் கொடி என்றும் பெயர் உண்டு, ஆனால் அது பசிபிக்கில் உள்ள மூரேயா தீவின் செடி. 1880இல் பொத்தோஸ் என்று பெயரிட்டார்கள், இப்போது எபிப்பிரெம்னம் ஆரியம். பூ வராததற்குக் காரணம் ஜிபரெலின் என்ற ஓமோனை ஆக்கும் பரம்பரையலகு ஒன்று அதில் சரியாக வேலை செய்யாததே. உண்மையான பொத்தோஸ் நம் காடுகளில் மரம் ஏறுகிறது. அதன் இலைக்காம்பு தட்டையாக அகன்று, ஒரு இலையின் நுனியில் இன்னொரு இலையை ஒட்டியதுபோல இருக்கும். பங்களாத் தோட்டங்களில் சபுக்கு மரத்தில் ஏறி வாழை இலைக்குப் போட்டியாக அகன்று கிழிந்திருப்பது மணிப்பிளான்ட். போத்தலில் இருக்கும்போது கை அகல இலைதான், மரத்தில் ஏறினால் அதன் முதிர்ந்த உருவம் வெளிவரும்.

இனி டீஃபன்பாக்கியா. வெள்ளைப் புள்ளி போட்ட பெரிய இலை, தடித்த தண்டு. உங்கள் ஆறாவது படம். இது குரோட்டன் குடும்பமே இல்லை, சேம்புக் குடும்பம். அன்தூரியம், கலேடியம், மணிப்பிளான்ட் எல்லாம் இந்தக் குடும்பம். சேம்பைச் சரியாக அவிக்காவிட்டால் தொண்டை ஏன் அரிக்கிறது? உள்ளே கல்சியம் ஒக்சலேட் ஊசிகள் இருப்பதால். டீஃபன்பாக்கியாவில் அந்த ஊசி மிகவும் கடுமை. தண்டைக் கடித்தால் நாக்கும் வாயும் வீங்கும், எச்சில் ஒழுகும், பேச வராமலும் போகும். கீழ் லயத்தில் ஒரு பிள்ளை கத்தரித்துப் போட்ட துண்டைக் கரும்பு என்று வாயில் வைத்து, இரவோடு இரவாக வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நல்ல வேளை, வீக்கம் இறங்கியது. அப்படிப்பட்ட செடியின் படத்துக்குக் கீழே சிறு பிள்ளைகளையும் பராமரிக்க விடலாம் என்று எழுதலாமா? வெட்டும்போது பெரியவர்களே கையுறை போட வேண்டிய செடி. சாறு கண்ணில் படவே கூடாது. குடும்பப் பெயரை ஒரு வரி போட்டிருந்தால், சேம்பு சமைக்கத் தெரிந்த எந்தத் தாயும் கொஞ்சம் யோசித்திருப்பாள்.

மலையகத்தில் எங்கும் வளரும் என்பதும் சரியில்லை. கம்பளை, கண்டிப் பக்கம் குரோட்டனுக்கு நல்ல நிறம் வரும். எங்கள் பக்கம் சமாளிக்கும். நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேல், தை மாசிக் காலையில் புல்லில் உறைபனி கிடக்கிற இடம். அங்கே வெளியில் வைத்த குரோட்டன் ஒரே வாரத்தில் இலை கொட்டும். ஈரமான சூட்டுத் தீவுகளின் செடியிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? அங்குள்ளவர்கள் என்னிடம் வந்தால் ஃபெர்ன், ஐவி மாதிரி குளிர் தாங்குவதைக் காட்டுவேன். வியாபாரம் குறைந்தாலும் பரவாயில்லை.

இந்தப் பெயர்கள் எல்லாம் நமக்குத் தூரத்துச் சமாச்சாரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒல்லாந்தர் காலத்தில் 1670களில் போல் ஹெர்மன் என்ற வைத்தியர் இங்கே சேகரித்த உலர் செடிகளை வைத்துத்தான் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றித் தனி நூல் எழுதினார். பேராதனைப் பூங்கா 1821இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கியது. 1824இல் அவர் இலங்கைச் செடிகளின் பட்டியலை அச்சிட்டார். பின்னால் பணிப்பாளராக இருந்த ஹென்றி ட்ரைமன், 1893இல் வெளிவரத் தொடங்கிய தன் கைநூலில் தாவரவியற் பெயருக்குக் கீழே கிடைத்த இடமெல்லாம் சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் சேர்த்தார். தமிழ் பேசாத ஒரு துரை நம் பெயர்களைத் தேடிப் பதிந்திருக்கிறார். தமிழ்ப் பத்திரிகை ஒன்று தாவரவியற் பெயரைத் தமிழ் எழுத்தில் போடுவது அப்படி என்ன பெரிய பாரம்?

படத்துக்குக் கீழே ஊரில் சொல்லும் பெயர், தாவரவியற் பெயர், குடும்பம் என்று போடுங்கள். வளர்ப்பு வகைக்குத் தனிப் பெயர் இருந்தால், உலக வழக்கப்படி ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள். இடம் இல்லையென்றால் படம் ஒன்றைக் குறைக்கலாம். உங்கள் கட்டுரையாளர் விரும்பினால் என் தவறணைக்கு வரட்டும், ஆறு செடியையும் வேரோடு காட்டுகிறேன். மற்றவை ஆறுதலாக வரலாம், டீஃபன்பாக்கியாவுக்கான திருத்தத்தை மட்டும் இந்த ஞாயிறே போட்டுவிடுங்கள். மழை தொடங்கப் போகிறது, எல்லோரும் செடி வாங்கும் காலம்.

இப்படிக்கு,
தவறணை நடத்தும் வாசகி,
புசல்லாவை.