டி.ஐ. குழாய்களுக்குப் பொருந்தாத இணைப்புகள் அனுப்பியமை தொடர்பான முறைப்பாடு

விற்பனை முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

எங்கள் தோட்டக் குடிநீர்த் திட்டத்துக்காக உங்களிடம் வாங்கிய டக்டைல் இரும்புக் (டி.ஐ.) குழாய்களில் குறையொன்றும் இல்லை. அவற்றோடு வந்த கப்ளிங்குகளும் (இரு குழாய்களை இணைக்கும் துண்டுகள்) பெண்டுகளும் (திருப்பத்துக்கான வளைவுத் துண்டுகள்) தான் பிழையானவை. அழுத்தப் பரிசோதனையில் பெண்டு கழன்றதற்குப் "பொருத்தியவர்களின் தவறு" என்று நீங்கள் அனுப்பிய பதிலை எங்கள் குழு ஏற்கவில்லை.

கப்ளிங் விடயத்தை முதலில் எழுதுகிறேன். நாங்கள் வாங்கியது டி.என். 100 குழாய். அந்த 100 என்பது பெயரளவு மட்டுமே. ஐ.எஸ்.ஓ. 2531 என்ற சர்வதேச நியமத்தின்படி அதன் வெளிவிட்டம் 118 மில்லிமீற்றர். நீங்கள் அனுப்பியவையோ 110 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய்க்குரிய கப்ளிங்குகள். எப்படி ஏறும்? தொலைபேசியில் கேட்டபோது உங்கள் ஊழியர், "நுனியைக் கிரைண்டரில் தேய்த்துப் போடுங்கள்" என்றார். 118ஐ 110 ஆக்க வேண்டுமென்றால் சுற்றிவர 4 மில்லிமீற்றர் தேய்க்க வேண்டும். கே9 என்ற தடிப்பு வகையைச் சேர்ந்த இந்தக் குழாயின் இரும்புச் சுவரே 6 மில்லிமீற்றர்தான். மிஞ்சும் 2 மில்லிமீற்றரை நம்பி மலைச்சரிவில் தண்ணீர் விடச் சொல்கிறீர்களா? துருப்பிடிக்காமல் காக்கும் நாகப் பூச்சும் அதோடு போய்விடும். குழாய் பொருத்தும் எங்கள் பாஸ் தேய்க்க மறுத்தது முற்றிலும் சரி.

அடுத்தது பெண்டுகள். இதுதான் பெரிய விடயம். மேல் நீர்த்தாங்கியிலிருந்து கீழ் லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வரும் குழாய் லைன், கொழுந்து லொறி ஓடும் பாதையைக் கடந்ததும் 90 பாகையில் திரும்புகிறது. திருப்பத்துக்கு வெளிப்பக்கம் பள்ளம். பெண்டைத் தாங்கக் கொங்கிறீட் கட்டை போட்டாலும் அது சாய்ந்து நிற்கக் கலையாத கெட்டி மண் அங்கே இல்லை. இதை விளக்கி, கழலாமல் பூட்டிக்கொள்ளும் வகை இணைப்புதான் வேண்டுமென்று ஓடரிலேயே எழுதியிருந்தோம். வந்தவை சாதாரணமாகத் தள்ளிச் செருகும் வகை. அதற்குள் இருக்கும் றப்பர் வளையம் தண்ணீர் கசியாமல் அடைக்கும். குழாயை இழுத்துப் பிடிக்காது. 10 பார் அழுத்தத்தில் இந்த அளவுக் குழாயின் 90 பாகைத் திருப்பத்தை வெளியே தள்ளும் விசை ஒன்றரைத் தொன் எடைக்கு மேல். அழுத்தப் பரிசோதனையில் அது கழன்று போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

குழாய்களை அளவுக்கு மீறி வளைத்து இணைத்ததால் கழன்றது என்று எழுதியிருக்கிறீர்கள். செருகு இணைப்பில் மூன்றரைப் பாகை வரை விலக இடமுண்டு. 6 மீற்றர்க் குழாயின் மறுமுனையில் அது கிட்டத்தட்ட 37 சென்றிமீற்றர். எங்கள் லைனில் ஒரு மூட்டில்கூட விலகல் 20 சென்றிமீற்றரைத் தாண்டவில்லை. கழன்ற இடமும் பெண்டின் வாய்தான், நேர்க் குழாய்களின் மூட்டு எதுவும் அசையவில்லை. படங்களை இணைத்திருக்கிறோம்.

பதிலுக்குத் தருவதாகச் சொன்ன பெண்டுகளும் வேண்டாம். அவை பழைய சாதாரண வார்ப்பிரும்பு. "இரண்டும் இரும்புதானே" என்றார்கள். அல்ல. சாதாரண வார்ப்பிரும்பில் காரீயம் (கிராபைட்) தகடு தகடாகக் கிடக்கும். அடி விழுந்தால் அந்த வழியே விரிசல் ஓடும். டக்டைல் இரும்பில் உருகிய உலோகத்தோடு மக்னீசியம் சேர்ப்பதால் காரீயம் சிறு உருண்டைகளாகத் திரளும். அதனால்தான் 420 மெகாபாஸ்கல் இழுவையைத் தாங்கி, உடையுமுன் குழாய் பத்து வீதமாவது நீள்கிறது. மழைக்காலத்தில் மேலிருந்து கல் உருளும் இடத்துக்கு, பி.வி.சி.யை விட்டுவிட்டு இதைத் தேர்ந்ததே அதற்காகத்தான். ஒவ்வொன்றும் நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் குழாய்களை, லொறி ஏறாத குறுக்குப் பாதையில் தோட்டத்து இளைஞர்கள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். அவ்வளவும் பட்டபிறகு பலவீனமான ஒரு துண்டை நடுவில் வைக்க எங்களுக்கு மனம் இல்லை.

கழன்ற இடத்தில் கொட்டிய தண்ணீர் கரையை அறுத்து, கீழ் லயத்தின் பின்சுவர் வரை சேற்றைக் கொண்டுவந்துவிட்டது. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தயில் மண் சரிந்து லயங்களை மூடியதைப் பார்த்த சனம் நாங்கள். இங்கே ஈரம் ஊறும் சரிவு என்றால் பிள்ளைகளோடு யாரும் நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள். லைனை மூடி வைத்திருக்கிறோம். பெண்கள் கொழுந்து பறித்துவிட்டு வந்து மறுபடியும் பழைய பீலிக்கு (ஊற்றுத் தண்ணீர் விழும் இடத்துக்கு) குடத்தோடு நடக்கிறார்கள்.

ஆகவே 118 மில்லிமீற்றருக்குரிய கப்ளிங்குகளையும், பூட்டு வகை டக்டைல் பெண்டுகளையும், அவற்றுக்கே உரிய றப்பர் வளையங்களையும் உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். பிழையானவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அறுத்த கரையைக் கட்டும் கூலியையும் நீங்களே ஏற்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் போவோம். பற்றுச்சீட்டும் ஓடரின் பிரதியும் கைவசம் உண்டு.

சந்தேகம் இருந்தால் உங்கள் பொறியியலாளரை அனுப்புங்கள். விட்டம் அளக்கும் வேர்னியர் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் முன்னால் அளந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்,
தோட்டக் குடிநீர்க் குழு