கடைசி அரை மணி நேரத்தை வெட்டாதீர்கள்: திரைப்படச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கைக்காசு போட்டு, ஊர் ஊராக உலகப் படங்களைத் திரையிடுகிற சங்க நண்பர்களுக்கு,

வணக்கம். நான் பார்த்த நல்ல படங்களில் பாதிக்கு மேல் உங்களைப் போன்றவர்கள் போட்டுக் காட்டியவை. அந்த உரிமையில்தான் இதைக் கேட்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு சங்கத்தில் ஸ்வீடன் இயக்குநர் ராய் ஆண்டர்சனின் 'ஒரு ஸ்வீடன் காதல் கதை' படத்தைத் திரையிட்டார்கள். அறிவிப்பில் 'இனிமையான முதல் காதல்' என்று போட்டிருந்தது. முடிய அரை மணி நேரம் இருக்கும்போது படத்தை நிறுத்திவிட்டார்கள். அரங்கைக் காலி செய்ய வேண்டுமாம். "காதல் கதை இதோட முடிஞ்சுது, இனிமே பெரியவங்க விருந்து மட்டும்தான்" என்று ஒருவர் சொன்னார். நாங்களும் சரி என்று எழுந்து வந்துவிட்டோம். முழுப் படத்தையும் பார்க்க எனக்கு அப்புறம் ஏழு வருடம் ஆனது. அந்த ஏழு வருடமும் நான் பார்க்காத ஒரு படத்தைத்தான் எல்லோரிடமும் புகழ்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

1970இல் வந்த இந்தப் படத்தின் ஸ்வீடிஷ் பெயருக்கு வெறும் 'ஒரு காதல் கதை' என்றுதான் பொருள். ஆண்டர்சனுக்கு அப்போது 27 வயது. முதல் முழுநீளப் படம். அன்னிகா என்ற சிறுமியும் பேர் என்ற பையனும் ஒரு கோடையில் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். படத்தின் முதல் பாதியில் அவர்கள் பேசுவதே அபூர்வம். பார்ப்பார்கள், பார்க்காதது போல் திரும்பிக்கொள்வார்கள். பையன்கள் தோல் ஜாக்கெட் போட்டு, சிகரெட் பிடித்து, மொபெட்டில் சுற்றுகிறார்கள். பெரியவர்களாகக் காட்டிக்கொள்ள அவ்வளவு அவசரம். அவள் கண் முன்னால் பேர் இன்னொருவனிடம் அடி வாங்குவான். அந்த அவமானம் அவன் முகத்தில் கிடக்கிற விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஒளிப்பதிவாளர் யோர்கன் பெர்ஷோன் அந்தக் கோடை வெயிலை இருவர் தலைமுடியிலும் கன்னத்திலும் அப்படியே படிய விட்டிருப்பார்.

இது வரை எல்லோரும் சொல்வதுதான். ஆனால் படம் தொடங்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு மருத்துவமனைத் தோட்டம். பிள்ளைகளின் அறிமுகமே நோயும் முதுமையும் உட்கார்ந்திருக்கும் இடத்தில். அன்னிகாவின் அப்பா ஜான் பிரிட்ஜ் விற்கிறவர். நாடே செழித்திருந்த காலத்தில், வீட்டுக்கு வீடு பிரிட்ஜ் போன காலத்தில், அவர் மட்டும் தோற்றுப்போனவராகத் தன்னை நினைத்துப் புழுங்குகிறார். அந்தப் புழுக்கத்தை மனைவி மேலும் மகள் மேலும் கொட்டுகிறார். அன்னிகாவின் சித்தி ஏவா, வாழ்க்கை ஏன் இப்படிப் போனது என்று தெரியாமல் அழுகிறவள். அந்த வேடத்தில் நடித்த அனிதா லிண்ட்புளூம் ஸ்வீடனில் புகழ்பெற்ற பாடகி.

கடைசி அரை மணி நேரம் இவர்களுடையது. ஆகஸ்டில் ஸ்வீடன்காரர்கள் கிரேஃபிஷ் விருந்து வைப்பார்கள். சிங்கி இறாலின் குட்டி உருவம் போல இருக்கும், நன்னீரில் வாழ்வது. சதகுப்பைப் பூங்கொத்து போட்டு வேகவைத்து, காகிதத் தொப்பி மாட்டி, கழுத்தில் துணி கட்டி, மதுவும் பாட்டுமாகச் சாப்பிடுவார்கள். பேரின் வீட்டார் வைக்கும் விருந்துக்கு அன்னிகாவின் வீட்டாரும் வருகிறார்கள். அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில் ஜான் உடைந்துபோய் மூடுபனிக்குள் இறங்கிக் காணாமல் போகிறார். அவர் செத்திருப்பாரோ என்ற பயத்தோடு, தலையில் அதே காகிதத் தொப்பியோடு, எல்லோரும் தேடி அலைகிறார்கள். இதைப் பார்த்த பிறகுதான் முதல் ஒன்றரை மணி நேரத்தின் வெயிலுக்கு என்ன விலை என்று எனக்குப் புரிந்தது. பெரியவர்களாக அவசரப்படும் அந்தப் பிள்ளைகள் போய்ச் சேரக்கூடிய இடமும் இதுவாக இருக்கலாம் என்பதை ஆண்டர்சன் ஒரு வசனத்தில்கூடச் சொல்லவில்லை.

நீங்கள் ஆண்டர்சன் படவிழா வைத்தால் பெரும்பாலும் 2000இலும் அதற்குப் பிறகும் வந்த, வெளிறிய நிறப் படங்களைத்தான் போடுகிறீர்கள். முதல் படம் வேறு யாரோ எடுத்தது போல் தனியே ஒதுங்கிவிடுகிறது. எனக்கு அது ஒரே ஆளின் கை என்றே தெரிகிறது. 2000இல் வந்த 'இரண்டாம் மாடியிலிருந்து பாடல்கள்' படத்தின் நாயகர் கல்லே, காப்பீட்டுப் பணத்துக்காகத் தன் மரச்சாமான் கடையையே கொளுத்திவிட்டுக் கரி அப்பிய முகத்தோடு ரயிலில் நிற்பார். அதே படத்தில் சிலுவை விற்க முயன்று நஷ்டப்பட்டவர் சிலுவைகளைக் குப்பைமேட்டில் வீசுவார். 2014இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கிய அவருடைய படத்தில் ரத்தக்காட்டேரிப் பல், சிரிப்புச் சத்தம் போடும் பை போன்ற வேடிக்கைப் பொருட்களை விற்க அலையும் இருவர் வருவார்கள். இத்தனை விற்பனையாளர்களுக்கும் மூத்தவர் அந்த பிரிட்ஜ் விற்கும் ஜான்தான். 1970இல் கேமரா முகத்தருகே போய் நின்றது; பிறகு தூரத்தில் அசையாமல் நின்றுவிட்டது. கேமரா பார்க்கும் மனிதர்கள் மாறவில்லை.

முதல் படம் நன்றாக ஓடியது. அதே மாதிரி இன்னொன்று எடுக்க அவர் விரும்பவில்லை. 1975இல் 'கிலியாப்' எடுத்தார். காலமும் செலவும் எல்லை மீறி, படம் தோற்றது. அடுத்த முழுநீளப் படம் வர 25 வருடம் ஆனது. இடையில் விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்தார், 1981இல் ஸ்டாக்ஹோமில் ஸ்டூடியோ 24 என்று சொந்தப் படப்பிடிப்புக் கூடம் வைத்தார். 57 வயதில், 'இரண்டாம் மாடியிலிருந்து பாடல்கள்' படத்துக்குக் கான் திரைப்பட விழாவில் கிடைத்த நடுவர் பரிசோடு திரும்பி வந்தார். இப்படிக் காத்திருந்த ஒருவரின் படத்துக்கு அரை மணி நேரம் கூடுதலாகக் கொடுக்கக் கூடாதா?

அடுத்த முறை அரங்கத்தை நான்கு மணி நேரத்துக்கு எடுங்கள். முதலில் இந்தப் படம். ஒரு டீ இடைவேளை. அப்புறம் 'இரண்டாம் மாடியிலிருந்து பாடல்கள்'. அறிவிப்பில் 'இனிமையான' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளைப் பெற்றவர்களையும் கூப்பிடுங்கள், இது அவர்களுக்குமான படம். கூடுதல் வாடகையை நான் தருகிறேன், நாற்காலி அடுக்கவும் கடைசி வரை இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய பார்வையாளன்