ஒரு ஜீனோம் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பூஞ்சைகளின் முழு ஜீனோம் (ஓர் உயிரின் டிஎன்ஏ முழுவதும்) ஒப்பீடு பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை பெரும்பாலும் சரியே. ஆனால், ஓர் இனத்தின் ஜீனோமை ஒருமுறை படித்துவிட்டால் அதன் மரபணுக்கள் அத்தனையும் கைக்கு வந்துவிடும் என்ற தொனியில் அதை முடித்திருக்க வேண்டாம்.

ஈஸ்டையே பாருங்கள். 1996-இல் அதன் ஜீனோம் முழுதாக வெளிவந்தது: 16 குரோமோசோம்கள், சுமார் 1.2 கோடி டிஎன்ஏ எழுத்துகள், ஏறத்தாழ 6,000 மரபணுக்கள். 2018-இல் அதே இனத்தில் 1,011 வகைகளை ஒப்பிட்டதும் மொத்தக் கணக்கு 7,796 ஆனது. எல்லா வகைகளிலும் இருந்தவை 4,940 மட்டுமே.

ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்ற பூஞ்சையில் மரபணுக்கள் மட்டுமல்ல, முழுக் குரோமோசோம்களே வந்து போகின்றன. தக்காளியில் வாடல் நோய் உண்டாக்கும் வகையில் 15 குரோமோசோம்கள் உண்டு. அவற்றில் நான்கு அந்த வகைக்கே உரியவை. நோய் தராத வகையோடு சேர்த்து வளர்த்தபோது ஒரு குரோமோசோம் தாவிச் சென்று, அதுவரை சாதுவாக இருந்த பூஞ்சையும் தக்காளியைத் தாக்கத் தொடங்கியதை 2010-இல் காட்டினார்கள். சாதுவான வகையின் ஜீனோமை அடிப்படையாக வைத்து ஒப்பிட்டால் என்ன ஆகும்? கருவி டிஎன்ஏவைத் துண்டு துண்டாகத்தான் வாசிக்கும்; மென்பொருள் அவற்றை அடிப்படை ஜீனோமில் பொருத்தும். நோய்க்குக் காரணமான துண்டுகள் பொருந்த இடமின்றி, 'பொருந்தாதவை' என்ற கோப்பில் போய் விழும். அந்தக் கோப்பைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. அதைத் தனியே கோத்துப் பார்க்காமல் ஒற்றை எழுத்து மாற்றங்களை மட்டும் எண்ணுவது பாதி வேலைதான்.

பிழை பெரும்பாலும் கணினிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒற்றை வித்திலிருந்து வளர்த்த பூஞ்சையைத்தான் எடுக்க வேண்டும். நோயுற்ற இலையில் இரண்டு மூன்று வகைகள் கலந்திருக்கும். பூஞ்சைச் சுவரின் சர்க்கரைப் பொருள்கள் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒளி உறிஞ்சலை அளக்கும்போது, புரதக் கலப்பைக் காட்டும் 260/280 விகிதம் 1.8 என்று அழகாக இருந்தும், சர்க்கரை போன்ற கலப்பைக் காட்டும் 260/230 விகிதம் 1-க்குக் கீழே கிடந்தால், அந்தக் கரைசலை மறுபடி சுத்தம் செய்யாமல் அனுப்புவது வீண். பிப்பெட்டால் வேகமாக உறிஞ்சி உறிஞ்சி விட்டால் நீண்ட இழைகள் நொறுங்கும். பிறகு நீண்ட இழைகளை ஒரே மூச்சில் வாசிக்கும் நீள்வாசிப்புக் கருவியால் பயனில்லை. சிறு துண்டுகளாக வாசிக்கும் குறுவாசிப்பு என்றால், நெல்லையும் கோதுமையையும் தாக்கும், 4 கோடி எழுத்துள்ள குலைநோய்ப் பூஞ்சைக்கு ஒவ்வோர் இடத்தையும் சராசரியாக 50 முறை வாசிக்கும் அளவு, அதாவது 200 கோடி எழுத்துகள், வைத்துக்கொள்ளலாம்.

வாசிப்பு வந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது ஒன்று உண்டு. ஒவ்வொரு குரோமோசோமும் ஒரே பிரதியாக உள்ள பூஞ்சையில், ஒரே இடத்தில் பாதி வாசிப்புகள் ஓர் எழுத்தையும் மீதி வேறோர் எழுத்தையும் காட்டக் கூடாது. காட்டினால், அவை எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஜீனோம் முழுக்கச் சிதறியிருந்தால் மாதிரி கலந்துவிட்டது என்று பொருள்; புதிதாக வளர்ப்பதே வழி. இங்குமங்கும் திட்டுத்திட்டாக, அதுவும் இரட்டிப்பு ஆழத்தோடு (மற்ற இடங்களைவிட இரு மடங்கு வாசிப்புகளோடு) இருந்தால், இரட்டித்த மரபணுக்களை மென்பொருள் ஒன்றாக ஒட்டிவிட்டது. அந்தப் பகுதிகளை மறைத்துவிட்டுத் தொடரலாம். துருநோய்ப் பூஞ்சைகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவற்றின் செல்லில் இரண்டு உட்கருக்கள் இருப்பதால் இரண்டு எழுத்து வருவது இயல்பே.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், 2016-இல் வங்கதேசத்தில் கோதுமையில் குலைநோய் வெடித்தபோது, அது உள்ளூர் நெல்லிலிருந்து தாவியதா, வெளியிலிருந்து வந்ததா என்ற கேள்விக்கு ஒப்பீடுதான் விடை சொன்னது. தென் அமெரிக்கக் கோதுமைப் பூஞ்சைகளோடுதான் அது பொருந்தியது. நெல் வகைகளை மட்டும் ஒப்பீட்டில் வைத்திருந்தால் இந்த விடை கிடைத்திருக்காது.

'புதிய பூஞ்சை வகை' என்ற செய்தி இனி வரும்போது எத்தனை மாதிரிகள், எந்த ஜீனோமோடு ஒப்பிட்டார்கள், மூல வாசிப்புகள் பொதுத் தரவகத்தில் உள்ளனவா என்ற மூன்றையும் நிருபர்கள் கேட்டு அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பூஞ்சை மரபியல் ஆய்வாளர்கள் சிலர்