கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதில் நடந்த குளறுபடி: புகார் கடிதம்

அனுப்புநர்: வாடிக்கையாளர், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
பெறுநர்: உரிமையாளர் அவர்கள், கார் பணிமனை, டர்பன்

ஐயா,

வணக்கம். உங்கள் பணிமனை வாசலில் தமிழில் ‘வணக்கம்’ என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்தத் துணிச்சலில்தான் இந்தப் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

சென்ற மாதம் என் காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றக் கொடுத்தேன். 1,12,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. ‘ஆயுள் முழுவதும் இதே ஆயில் போதும்’ என்றுதான் உங்கள் முகப்பிலிருந்த தம்பி முதலில் சொன்னார். யாருடைய ஆயுள் என்று கேட்ட பிறகே வேலையை எடுத்துக்கொண்டார். பில் 4,850 ராண்ட். அதில் 8 லிட்டர் ஆயில், ஒரு புது ஃபில்டர்.

சர்க்கரை ஆலையில் இயந்திரப் பராமரிப்பில் முப்பது ஆண்டுகள் இருந்தவனுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கண்ணாடித் தடுப்புக்கு இப்புறமிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் மெக்கானிக் வண்டியின் முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார். பழைய ஆயில் ஏறக்குறைய 4 லிட்டர் வடிந்தது. புது ஆயிலை ஊற்றினார். அளவு பார்ப்பதற்காகக் கீழே உள்ள துளையில் ஒழுகத் தொடங்கியதும், நசுங்கிப்போயிருந்த அதே அலுமினிய வாஷரைப் போட்டு போல்ட்டை முறுக்கிவிட்டார். கடைசிவரை என்ஜினை இயக்கவேயில்லை. மேசையில் காலியாக நின்றவை மூன்றே மூன்று ஒரு லிட்டர் டப்பாக்கள்.

டிப்ஸ்டிக் எனும் அளவுக்குச்சி இல்லாத காரில் ஆயில் அளவு பார்ப்பது இப்படியா? வண்டி சமமாக நிற்க வேண்டும். என்ஜின் ஓட வேண்டும். கியர் லீவரை ஒவ்வொரு நிலையிலும் சற்று நிறுத்தி எடுத்து, ஆயிலின் சூடு தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு வந்துவிட்டதா என்று ஸ்கேனரில் பார்த்து, அதன் பிறகுதான் துளையைத் திறக்க வேண்டும். ஒழுக்கு மெலிந்து சொட்டாகும்போது மூட வேண்டும். நின்ற என்ஜினில் ஒழுகுவதை நம்பக் கூடாது. என்ஜின் ஓடத் தொடங்கியதும் பம்பு ஆயிலை இழுத்துக்கொள்ள, கியர்பாக்ஸின் அடியிலுள்ள ஆயில் தட்டில் மட்டம் இறங்கிவிடும்.

மறுநாளே ரிவர்ஸ் போட்டால் இரண்டு விநாடி கழித்துத்தான் வண்டி அசைந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போகப் பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏறினோம். பாதி மேட்டில் என்ஜின் அலறுகிறது, வண்டி ஏறவில்லை. பின்னால் சரக்கு லாரி ஒன்று விளக்கை மின்னிக்கொண்டே வருகிறது. மடியிலிருந்த பிரியாணிப் பாத்திரத்தை என் மனைவி இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

தொலைபேசியில் சொன்னேன். ‘புது ஆயில் பழகச் சில நாள் ஆகும்’ என்றார் உங்கள் மேலாளர். கியர்பாக்ஸ் என்ன புதுச் செருப்பா, போட்டுப் போட்டுப் பழகுவதற்கு?

வேறு பணிமனையில் முறைப்படி பார்த்தபோது இன்னும் 1.2 லிட்டர் பிடித்தது. அதற்கு 1,150 ராண்ட் கொடுத்தேன். வண்டி இப்போது ஒழுங்காக ஓடுகிறது.

இனி ஃபில்டர். என் காரில் அது ஆயில் தட்டுக்குள் இருக்கிறது. தட்டைக் கழற்றவே இல்லை. இரண்டாவது மெக்கானிக் காட்டினார், போல்ட்டுகளின் மேல் பழைய மண் அப்படியே படிந்திருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 67-ஆம் பிரிவின்படி, கழற்றிய பாகத்தை எடுத்துவைத்து வாடிக்கையாளரிடம் திருப்பித் தர வேண்டும். மாற்றியது உண்மையானால் அந்தப் பழைய ஃபில்டரைக் கொடுங்கள்.

ஊற்றாத 5 லிட்டர் ஆயிலின் விலை, ஃபில்டரின் விலை, நான் வெளியில் செலவழித்த 1,150 ராண்ட், மூன்றையும் 15 வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். அதே சட்டத்தின் 54-ஆம் பிரிவு, தரமற்ற வேலைக்குப் பணம் திரும்பக் கேட்க இடம் தருகிறது. பதில் வராவிட்டால் மோட்டார் தொழில்துறைக் குறைதீர்ப்பாளரிடம் போவேன்.

இரண்டு பில்களின் நகல்களையும் தட்டின் புகைப்படத்தையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்